பழைய ஊர் வீட்டின் கதை தெரிய வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் கேளுங்கள்

எங்கள் ஊர் வீட்டைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து ஒரே கதைதான் கேட்டு வளர்ந்தேன். நூற்றைம்பது வருஷத்து வீடு, பூட்டன் கட்டியது, அன்றைக்கு வேய்ந்த ஓடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. யாரும் சந்தேகப்பட்டதில்லை, நானும்தான். ஒரு நாள் பக்கத்து மனைக்காரர் ஏதோ அளவுப் பேச்சில் தன் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். 1938-இல் எழுதியது. அவர் மனைக்கு நான்கு எல்லை சொல்கிற இடத்தில், மேற்கே "௸யூர் இன்னார் கூரை வீடு" (௸ என்றால் மேற்படி) என்று இருந்தது. அந்த இன்னார் எங்கள் பூட்டன். அந்தக் கூரை வீடு எங்கள் ஓட்டு வீடு.

பழைய வீட்டின் வரலாற்றைத் தேடுகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்கள் வீட்டைப் பற்றி உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பதைவிட அக்கம்பக்கத்தார் பெட்டியில்தான் அதிகம் இருக்கும். காரணம் எளிது. அப்பன், மகன், பேரன் என்று விற்காமல் வாங்காமல் வந்த வீட்டுக்குப் பத்திரமே இருக்காது, பிறப்பால் வந்த சொத்துக்கு யார் போய்ப் பதிவு செய்வார்கள்? ஆனால் பக்கத்து மனை நாலு முறை கைமாறியிருக்கும், ஒவ்வொரு முறையும் பத்திரம் எழுதுகிறவர் எல்லையில் உங்கள் வீட்டைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். கூரை வீடா, மச்சு வீடா, காலி மனையா, யார் பெயரில் இருந்தது, சந்து எந்தப் பக்கம் போனது, எல்லாம் ஒரு வரியில் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பத்திரம் எழுதுகிறவர்கள் தாய்ப்பத்திரத்தை, அதாவது அதே சொத்தின் முந்தைய பத்திரத்தை, பார்த்து எல்லையை அப்படியே காப்பி அடிப்பது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதனால் ஒரே ஒரு பத்திரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதற்கு முந்தைய பத்திரத்தையும் பாருங்கள். எல்லை வாசகம் மாறியிருந்தால்தான் எழுதியவர் நேரில் பார்த்தோ விசாரித்தோ எழுதினார் என்று நம்பலாம். எங்களுக்கு அந்த மனையின் 1921-ஆம் வருஷத்துத் தாய்ப்பத்திரமும் கிடைத்தது, அதில் மேற்கே "காலி மனை". ஆக 1921-க்கும் 1938-க்கும் நடுவில் எங்கள் ஆட்கள் அங்கே கூரை போட்டுக் குடி வந்திருக்கிறார்கள், ஓடு அதற்கும் பிறகு. நூற்றைம்பது வருஷம் அன்றோடு போயிற்று.

வீட்டின் வரலாறும் நிலத்தின் வரலாறும் வேறு வேறு

இதைப் புரிந்துகொள்ளாமல் அலைந்தால் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே ஒரு வருஷம் போய்விடும். ஊருக்குள் வீடு இருப்பது பெரும்பாலும் நத்தம், அதாவது குடியிருப்புக்கென்று விட்ட நிலம். பழைய கிராமக் கணக்கில் நத்தம் முழுக்க ஒரே சர்வே நம்பராகத்தான் இருக்கும், அதற்குள் யார் வீடு எது என்கிற விவரம் இருக்காது, தீர்வையும் (நிலவரி) கிடையாது. 1980-களின் பிற்பகுதியில் நத்தம் நிலவரித் திட்டம் வந்த பிறகுதான் மனை மனையாக அளந்து பட்டா கொடுத்தார்கள். அதனால் 1950-இல் எங்கள் வீட்டுக்கு யார் பெயரில் பட்டா இருந்தது என்று கேட்டுப் போனால் சிரிப்பார்கள். வீட்டுக்கு ஆதாரம் பத்திரம், வீட்டு வரி ரசீது, பாகப்பிரிவினை, அப்புறம் சுவரும் ஓடும்.

நிலம் அப்படியில்லை. அதற்கு வரி வாங்கியவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள், குடியானவரிடமே நேராக வரி வாங்கிய மன்றோ காலத்து ரயத்துவாரியிலிருந்து இன்றுவரை அந்தக் கணக்கின் ஏதோ ஒரு தொடர்ச்சி இருக்கிறது.

நிலத்துக்குத் தேட ஆரம்பிக்கும்போது இன்றையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். நடுவில் எங்காவது குதித்தால் தொலைந்தீர்கள். இணையத்தில் பட்டாவும் 'அ' பதிவேடும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) புலப்படமும் (வயலின் அளவு வரைபடம்) எடுத்துவிடலாம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும், 0.40.50 என்றால் நாற்பதரை ஏர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் (1 ஏர் என்பது 2.47 சென்ட்). 'அ' பதிவேட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, பழைய புல எண் என்கிற கட்டத்தை. இன்றைய எண்ணைப் பழைய எண்ணோடு கோர்க்கிற முடிச்சு அதுதான், அது இல்லாமல் பழைய பத்திரத்தில் உள்ள சர்வே நம்பர் எந்த வயல் என்று தெரியாது. அதே பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா, மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை எல்லாம் இருக்கும். இன்றைக்குக் கருவேலங்காடாகக் கிடக்கிற இடம் கணக்கில் இருபோக நஞ்சை என்று இருந்தால், அங்கே ஒரு காலத்தில் கண்மாய்த் தண்ணீர் பாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வாய்க்கால் எங்கே போனது என்பதே தனிக் கதையாக இருக்கும், புலப்படத்தில் அதன் தடம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த படி யூடிஆர். 1979-இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தார்கள், இன்று கம்ப்யூட்டரில் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அதன் வாரிசுதான். அந்த வேலையில் பெயர்கள் விட்டுப்போனதும், அண்ணன் நிலம் தம்பி பெயரில் ஏறியதும் ஊருக்கு ஊர் கேட்கிற புலம்பல். வரலாறு தேடுகிறவருக்கு இதில் ஒரே பாடம், யூடிஆருக்கு முந்தைய கணக்கைப் பார்க்காமல் யார் நிலம் என்று பேசக்கூடாது. அதற்கு முந்தையது நிலவரித் திட்டப் பதிவேடு, மறு நிலவரித் திட்டப் பதிவேடு. நிலத்தைத் தரம் பிரித்துத் தீர்வை போட்டபோது எழுதியவை, அன்றைக்குப் பொதுவாக 30 வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள் என்பதால் ஒரே வயலுக்கு இரண்டு தலைமுறைப் பெயர்கள் கிடைக்க வாய்ப்புண்டு. தாலுகாவிலோ கலெக்டர் ஆபீஸ் ஆவணக் காப்பறையிலோ கேளுங்கள். அங்கே இல்லையென்றால் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, 1909-இல் கட்டிய சிவப்புக் கட்டடம். போகும்போது மாவட்டம், தாலுகா, கிராமம் மூன்றையும் பழைய பெயரில் எழுதிக்கொண்டு போங்கள். தாலுகாக்கள் பிரிந்து பிரிந்து இன்றைய பெயர் அந்தப் பதிவேடுகளில் இருக்கவே இருக்காது.

வாயால் கேட்டு நடக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய்க்கு கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டி, சர்வே எண்ணையும் பதிவேட்டின் பெயரையும் தெளிவாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். "என் நிலத்தின் எல்லா விவரமும் வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. ஜமாபந்தி (வருஷா வருஷம் கிராமக் கணக்கைச் சரிபார்ப்பது) நடக்கிற நாட்களில் கிராமக் கணக்குகள் எல்லாம் தாலுகாவில் கூடியிருக்கும், அதுவும் கேட்பதற்கு நல்ல நேரம்.

நிலம் முன்பு ஜமீனிலோ இனாமிலோ (மானியமாகக் கொடுத்த நிலம்) இருந்திருந்தால் பாதை மாறும். ஜமீன் என்றால் 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசுக் கணக்கில் குடியானவர் பெயர் ஏறியிருக்கும், அதற்கு முன்னால் ஜமீன் கணக்கு. இனாம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்வேன், 1858-இல் அமைத்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து எழுதிய பதிவேட்டில், யார் கொடுத்தது, யாருக்கு, எதற்காக, அப்போது யார் அனுபவித்தார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஊரில் ஒரு வயலுக்கு வண்ணான் மானியம், தேவதாயம் (கோயில் மானியம்), குடும்பன் காணி என்று பெயர் வழங்கினால் அந்தப் பதிவேட்டைத் தேடாமல் விடாதீர்கள். கணக்கில் பஞ்சமி நிலம் என்றோ டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம் என்றோ குறிப்பு இருந்தால், அது 1892-ஆம் வருஷத்து அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்த நிலம். அது எப்படி இன்றைய கைக்கு வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், சொந்தக் குடும்பத்தின் பெயர் அதில் வந்தாலும்.

1960-களிலும் 1970 ஒட்டியும் உங்கள் குடும்ப நிலம் திடீரென்று ஏழெட்டுப் பெயரில் பிரிந்திருந்தால், அண்ணன் தம்பி சண்டை என்று உடனே நினைக்க வேண்டாம். நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் வந்தது, ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970-இல் அதை 15 ஆக்கினார்கள். சட்டத்துக்குத் தப்ப எழுதிய பத்திரங்களும் உண்டு, பாசத்தில் எழுதியவையும் உண்டு, தேதியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பெண்கள் பெயர் ஏன் எங்கும் இல்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் சட்டத்தில்தான். பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது, அதிலும் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டார்கள்.

பத்திரம் தேடுவதும் படிப்பதும்

வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பதிவுத்துறைத் தளத்திலேயே பார்க்கலாம், பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-லிருந்து கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்துப் பழைய அட்டவணைப் புத்தகங்களைத் தேட வைக்க வேண்டும். கட்டாயப் பதிவு 1864-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே வந்துவிட்டது, ஆனால் சிறிய கிரயங்களுக்கு விலக்கு இருந்தது, 100 ரூபாய்க்குக் கீழே என்றால் பதிய வேண்டாம். 99 ரூபாய்க்கு விற்ற பழைய பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால் காரணம் புரியும், அது அட்டவணையில் இருக்காது என்பதும் புரியும். உங்கள் ஊர் அன்றைக்கு எந்த சப்-ரிஜிஸ்டர் ஆபீஸின் கீழ் இருந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், அது மாறியிருக்கும். சொத்தை வைத்துத் தேடியது போதாதென்றால் ஆள் பெயரை வைத்தும் தேடலாம், பெயருக்குத் தனி அட்டவணை உண்டு. பத்திர எண்ணும் வருஷமும் கிடைத்ததும் நகலுக்கு மனு போடுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் பாதிப் பேர் திகைத்து நிற்பது எழுத்தில்தான். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. எண்ணையும் தமிழில் எழுதியிருப்பார்கள், ௲௯௱௰௪ என்று பார்த்தால் பயப்படாதீர்கள், ஆயிரம், ஒன்பது நூறு, பத்து, நான்கு, அவ்வளவுதான், 1914. நில அளவு குழி, மா, வேலி என்று வரும், 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆனால் குழியின் அளவு ஊருக்கு ஊர் கோலைப் பொறுத்து மாறும் என்பதால் உடனே ஏக்கராக மாற்றிவிடாதீர்கள், அதே நிலத்துக்குப் பின்னால் ஏக்கரில் எழுதிய பத்திரம் வரும்வரை பொறுங்கள், அதுவே உங்கள் ஊர்க் குழியின் அளவைச் சொல்லிவிடும்.

தேதியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "பிரமாதீச ௵ தை ௴" என்று இருந்தால் அது 1913 அல்ல, 1914. பிரமாதீச வருஷம் 1913 சித்திரையில் பிறந்தது, தை வரும்போது ஆங்கிலத்தில் அடுத்த வருஷம் ஆகிவிடும். அதே பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் 1853-ஆ 1913-ஆ 1973-ஆ என்கிற குழப்பமும் உண்டு. அப்போது ஸ்டாம்பைப் பாருங்கள். விக்டோரியா ராணி தலை என்றால் 1901-க்கு முன்பு வாங்கிய தாள் என்றே வைத்துக்கொள்ளலாம், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910-க்கும் 1936-க்கும் நடுவில். மூலப் பத்திரமே கையில் இருந்தால் முதல் தாளைத் திருப்பிப் பாருங்கள், ஸ்டாம்பு வெண்டர் யாருக்கு எந்தத் தேதியில் விற்றார் என்று கிறுக்கியிருப்பார், அந்தப் பெயர் பல நேரம் பத்திரத்தில் வராத ஒரு பங்காளியின் பெயராக இருக்கும். கிஸ்தி (நிலவரி) ரசீது, அடங்கல் (பயிர்க் கணக்கு) போன்றவற்றில் பசலி ஆண்டு வரும். ஜூலையில் தொடங்குகிற கணக்கு, பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம், பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல். கன்னியாகுமரிப் பக்கம் என்றால் கொல்லம் ஆண்டு, அதற்கு 825 கூட்ட வேண்டும், ஆங்கில வருஷத்தின் கடைசி மாதங்களுக்கு (ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை) மட்டும் ஒன்றைக் குறைத்து.

வாசகத்தில் "நிதி நிட்சேப ஜல தரு பாஷாண" (புதையல், நீர், மரம், கல்) என்று சமஸ்கிருதமாக ஓடுவது வெறும் சம்பிரதாயம், அதை வைத்துப் புதையல் கதை கட்ட வேண்டாம். அதைவிட "மாவடை மரவடை" (நிலத்தில் நிற்கிற மரங்கள்) என்பதற்குப் பின்னால் என்ன மரம் எத்தனை என்று எழுதியிருக்கிறதா, கிணற்றில் எத்தனை பங்கு, எத்தனை நாள் முறை, வண்டிப்பாதை யார் நிலத்தின் வழியே போகிறது, இதெல்லாம்தான் விஷயம். எங்கள் பாகப்பிரிவினையில் ஒரு புளியமரத்தின் காய் ஒரு வருஷம் பெரியவருக்கு மறு வருஷம் சின்னவருக்கு என்று ஒரு வரி இருக்கிறது. அந்த மரம் இன்றும் நிற்கிறது, முறைதான் யாருக்கும் ஞாபகமில்லை.

சுவரையும் கேளுங்கள்

காகிதம் இல்லாத இடத்தில் கட்டடம் பேசும், ஆனால் அதுவும் பொய் சொல்லும். ஓட்டைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், சீமை ஓடு என்றால் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும், சிலவற்றில் வருஷமும். மங்களூரில் பேசல் மிஷன் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியதே 1860-களில், அதனால் அந்த வகை ஓடு போட்ட கூரை அதற்கு முந்தையது இல்லை. ஆனால் ஓட்டின் வயது வீட்டின் வயதல்ல. மேலே ஓடு மாறியிருக்கும், கீழே மண்சுவர் பழையதாக இருக்கும், அல்லது தலைகீழாக. சுவர் பெயர்ந்த இடத்தில் காரை சுண்ணாம்பா சிமெண்டா என்று பார்த்தால் எது பின்னால் ஒட்டுப்போட்டது என்று தெரிந்துவிடும். சிமெண்ட் திண்ணை, சுண்ணாம்புச் சுவர் என்றால் திண்ணை பிந்தையது.

நிலைவாசலை மட்டும் நம்பாதீர்கள். பழைய வீட்டைப் பிரிக்கும்போது நிலையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது வீட்டில் வைப்பது வழக்கம், எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். அப்பத்தாவிடம் கூரை வீட்டு விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நிலை மேலத்தெருவுல இருந்து வந்துச்சு, வண்டியில கொண்டாந்ததா எங்க மாமியா சொல்லும்" என்றார். ஆக நூற்றைம்பது வருஷம் என்று கேட்டுவந்தது அந்த நிலைக்கு. குடும்பக் கதை பொய்யில்லை, தவறான பொருளின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர்களிடம் கேட்கும்போது எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், சொல்லத் தெரியாது, தெரிந்த மாதிரி சொன்னால் அது இன்னும் ஆபத்து. எதற்கு முன், எதற்குப் பின் என்று கேளுங்கள். தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தியா (1964 டிசம்பர்), கரண்ட் வந்த பிறகா, பர்மாவிலிருந்து ஆட்கள் நடந்து வந்த சமயமா (1942), காமராசர் முதல்மந்திரியாக இருந்தபோதா, உங்கள் பெரிய நாத்தனார் கல்யாணத்துக்கு ஓடு போட்டாயிற்றா கூரையா? கல்யாணம் நல்ல அளவுகோல், பந்தல் எங்கே போட்டார்கள் என்பது யாருக்கும் மறக்காது. ஊரில் பழைய கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை) வீட்டார் இருந்தால் அவர்களையும் பாருங்கள், 1980-இல் அந்தப் பதவிகளை ஒழித்தபோது கணக்கை ஒப்படைத்துவிட்டாலும் வாய்க் கணக்கு அந்த வீட்டில் மிச்சம் இருக்கும்.

இன்னொன்று, இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஊரில் போய்ப் பத்திரம் கேட்டால் பங்கு கேட்க வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். என் சித்தப்பா ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் முதலில் உங்களிடம் இருப்பதைக் காட்டுங்கள், பழைய போட்டோ, கல்யாணப் பத்திரிகை, நீங்கள் எடுத்த நகல், எதுவானாலும். பத்திரத்தை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லாதீர்கள், அங்கேயே திண்ணை வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், மடிப்பை வலிந்து நீவ வேண்டாம், லேமினேஷன் பக்கமே போக வேண்டாம்.

அந்தப் பக்கத்து மனைக்காரருக்கு நன்றிக்கடனாக எங்கள் 1957-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினையின் நகலைக் கொடுத்தேன், அதில் கிழக்கு எல்லையில் அவர் இடமும் வருகிறதே என்று. அவர் வீடு வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். கிழக்கே "இன்னார் மாட்டுத் தொழுவம்" என்று எழுதியிருந்தது. வாங்கிப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.